வாய்க்கால் தொடங்கும் இடம்

அண்ணாமலை நகர்
14 ஜூலை 2024

அன்புத் தங்கை ஆசியா உம்மாளுக்கு, அண்ணன் ரஃபியுதீன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கால் விரல் புண் ஆறி வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கத்தாரிலிருந்து ஜாபிர் ஒழுங்காகப் பேசுகிறானா? மருமகள் ஃபஹீமா உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்கிறாளா? உனக்குக் காது மந்தமான பிறகு போன் நமக்கு ஆகவில்லை. அதனால் இந்தப் பழைய வழிக்கே வந்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. புறவழிச்சாலையில் புதிதாக வந்திருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் என்னைக் கௌரவ விரிவுரையாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாடத்தின் பெயர் 'சமுதாய மேம்பாடு'. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவனுக்கு இது எதற்கு என்பாய். அந்தக் காலத்தில் அறிவொளி வகுப்புகளுக்காக ஊர் ஊராய்ச் சைக்கிளில் அலைந்ததை விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பருவமும் முடிந்த பிறகு, பிடித்திருந்தால் புதுப்பிப்பார்கள்.

முதல் வகுப்பில், "பஸ்ஸில் நாற்பது பேர் போகிறார்கள். அவர்கள் ஒரு சமுதாயமா?" என்று கேட்டேன். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். "இல்லை. டயர் வெடித்து எல்லோரும் வெயிலில் இறங்கி நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாளே, அப்போதுதான் சமுதாயம்" என்றேன். பதினான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

களப்பணிக்கு ஒரு தெரு வேண்டும். உன் தெருவை விட எனக்குத் தெரிந்த தெரு எது? மழைக்கு மழை தண்ணீர் தேங்குவதையும் எழுதி மேலே கொடுக்கலாம். சம்மதமா என்று கேட்டு எழுது.

துஆவுடன்,
ரஃபியுதீன்


கடலூர் முதுநகர், கிடங்குத் தோப்பு
2 ஆகஸ்ட் 2024

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு, ஆசியா எழுதிக்கொள்வது.

வ அலைக்கும் ஸலாம். எனக்கு முழங்கால் வலி படியேறினால் மட்டும். நாங்கள் எல்லோரும் சுகம். அண்ணிக்கும் என் ஸலாம் சொல்லுங்கள். புண்ணை நனைக்காதீர்கள்.

தெருவில் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிரிசில்லா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "பதினாலு புள்ளைங்களா? பொம்பளப் புள்ளைங்க ஜாஸ்தியா பாயம்மா? ரெண்டு ஜாக்கெட்டாவது தைக்கக் குடுப்பாங்களா, இல்ல வெறும் கேள்விதானா?" என்று கேட்டாள். ஆட்டோக்கார அய்யனார் மட்டும், "படிக்கிறவன் வந்தா பின்னாடி ஏதோ வேல இருக்கும் யக்கா" என்றான். அவன் எதற்குத்தான் சந்தேகப்படவில்லை!

வரட்டும் அண்ணன். போன ஐப்பசியில் தண்ணீர் மூன்றாம் படி ஏறி, ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். ஒரு வடிகால் வந்தால் இருபத்து மூன்று வீட்டுக்கும் விமோசனம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் வீடு எதற்கும் பட்டா கிடையாது. வரி ரசீதும் கரண்ட் பில்லும்தான் எங்களுக்குப் பட்டா. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளைகள் என்ன எழுதினாலும் வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். மேலே கொடுப்பதென்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

உங்கள் சுகத்துக்கு துஆ செய்யும்,
ஆசியா


அண்ணாமலை நகர்
9 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கையால் பிள்ளைகள் குடித்த இஞ்சி டீயைப் பற்றித்தான் இங்கே மூன்று நாளாகப் பேச்சு. அவ்வளவு நேரம் குனிந்து வரைந்தாயே, முழங்கால் வீங்கிவிட்டதா? எனக்குப் பஸ்ஸில் வந்துபோன அலைச்சலில் விரல் கொஞ்சம் சிவந்திருக்கிறது.

மறுநாள் வகுப்பில் உன்னைத்தான் உதாரணமாகச் சொன்னேன். "கோலமே போட்டறியாத கை, தரையில் கலர் மாவால் ஒரு தெருவையே வரைந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? மக்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்" என்றேன். வீடுகளுக்குச் சிவப்பு, குழாய்க்கு மஞ்சள். நீல மாவை எடுத்ததும் உன் கை நின்றது. அய்யனார் குறுக்கே வந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "யக்கா, வாய்க்காலப் போடாத. அது செத்து நாப்பது வருசம் ஆவுது. செத்தவன எழுப்பி நடுவூட்ல ஒக்கார வெக்காத."

நீ என் முகத்தைப் பார்த்தாய். "போடும்மா. வைத்தியரிடம் போய் வலிக்கிற இடத்தை மறைக்கலாமா? தண்ணீரின் பழைய வழி தெரிந்தால்தானே புது வழி கேட்கலாம்" என்றேன். உடனே சிவசுப்ரமணியனின் கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்தாய். "இதுதான் அவுங்க சமையக்கட்டு. இங்க ரசம் கொதிக்குது பாருங்க, அதுக்கு நேர் கீழ மதகு இருந்துச்சு" என்று நீ சொன்னதும் தெருவே சிரித்தது. அங்கிருந்து பிரிசில்லா வாசல், உன் அடுப்படி, அய்யனார் ஆட்டோ நிறுத்தும் இடம், கடைசியில் உப்பனாறு. ஒரே மூச்சில் இழுத்தாய். நான் வகுப்பறையில் முப்பத்து மூன்று வருஷம் வரைந்த ஆறுகளில் ஒன்றுகூட அவ்வளவு உயிரோடு வந்ததில்லை.

நீ கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. இது வகுப்பைத் தாண்டாது.

துஆவுடன்,
ரஃபியுதீன்


அண்ணாமலை நகர்
10 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தபால் அட்டை வந்து ஒரு மாதம் இருக்கும். பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். விடைத்தாள் திருத்தும் வேலை. மழை தொடங்கிவிட்டதே, படியில் பார்த்து இறங்கு.

'படம் வகுப்புக்குள்தானே இருக்கிறது' என்று ஒரே வரி எழுதியிருக்கிறாய். படம் பத்திரமாக இருக்கிறது. கார்த்யாயினி என்ற மாணவி, சிதம்பரம் கீழவீதிப் பெண், அன்று தரையைப் போட்டோ எடுத்தாள் அல்லவா, அதைப் பார்த்துக் கணினியில் வரைந்துகொண்டிருக்கிறாள். அறிக்கையைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள்.

உங்கள் மண்டபத்துச் சிவசுப்ரமணியன் பல்கலைக்கழக அறக்கட்டளையில் உறுப்பினராம். எனக்கு இதுவரை தெரியாது. போன வாரம் துறைக்கு வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு சார். கொஞ்சம் நீளம் ஜாஸ்தி, அவ்ளோதான்" என்று சிரித்தார். பண்பான மனிதர். என் கால் விரலைப் பற்றிக்கூட விசாரித்தார்.

புவியியல் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. உலகம் பெரிது, தாள் சின்னது. தாளின் அளவுக்குள் படத்தை அடக்கத் தெரிந்தவன்தான் நல்ல மாணவன்.

புயல் வரும் என்கிறார்கள். அரிசியை மேலே ஏற்றி வை.

துஆவுடன்,
ரஃபியுதீன்


கடலூர் முதுநகர்
9 ஜனவரி 2025

அண்ணன் அவர்களுக்கு, ஆசியா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? டிசம்பர் பதினெட்டாம் தேதி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் போயிருக்கும் என்று மறுபடி எழுதுகிறேன்.

புயல் தண்ணீர் இரண்டு நாள் வீட்டுக்குள் நின்றது. அது வடிந்த நாலாம் நாள் வருவாய்த் துறை ஆட்கள் டேப்போடு வந்தார்கள். ஒருவர் கையில் கலர் தாள். எட்டிப் பார்த்தேன். என் தெரு. நான் மூன்று கிளையாகப் போட்ட புளியமரம் அதே மூன்று கிளையோடு இருந்தது. நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இந்த வாய்க்கால்தாம்மா ரெக்கார்டுல தொலைஞ்சு போயிருந்துச்சு. பெரியவங்க நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார்.

போன வாரம் இருபத்து மூன்று கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நீர்வழிப் புறம்போக்கு, காலி செய்ய வேண்டும் என்று. தண்ணீர்க் குழாயில் நான் போய் நின்றால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அய்யனார் நடுத்தெருவில் நின்று, "அவுங்க அண்ணன் படிச்சவரு, இவுங்க எட்டாங் கிளாஸு. ரெண்டு படிப்புக்கும் நடுவுல என் வூடு போவுது" என்று கத்தினான். எனக்குக் கேட்க வேண்டும் என்றே கத்தினான். பிரிசில்லா மிஷினைத் திண்டிவனத்தில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

வக்கீல் இளவரசு ஒரு வழி சொல்கிறார். இந்தப் படம் பிள்ளைகள் பயிற்சிக்கு வரைந்தது, அளந்து போட்டது இல்லை என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் தடை வாங்கலாமாம். பொய் எழுதச் சொல்லவில்லை அண்ணன். நாம் அன்று அளக்கவில்லையே.

ஜாபிருக்கு இன்னும் சொல்லவில்லை. மாடி அறை அவன் ஏழு வருஷ வெயில்.

ஆசியா


அண்ணாமலை நகர்
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணியைக் கேட்டுப் பார்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். உங்கள் தெருவுக்கு வடிகால் வேண்டும் என்று துறையிலிருந்து ஒரு மனு போனது. அதோடு படத்தையும் இணைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். நானும் கையெழுத்திட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், பரீட்சை வந்துவிட்டது.

கடிதம் கேட்கிறாய். ஓர் உதாரணம் சொல்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் நூற்றுமூன்று காட்டுகிறது. தாய் அழுகிறாள் என்பதற்காக அது தொண்ணூற்றெட்டு காட்டலாமா? வாய்க்கால் அங்கே இருந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் படத்தை நம்பாதீர்கள் என்று நானே எழுதினால் என்னிடம் படித்த பதினான்கு பிள்ளைகள் என்னவென்று நினைப்பார்கள்? உண்மைக்குப் பக்கம் சாயத் தெரியாது, ஆசியா.

மாற்றுக் குடியிருப்பு கொடுப்பார்கள். மனதைத் தளரவிடாதே. என்னை இன்னும் இரண்டு பருவத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். அச்சான புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். நன்றியுரையில் முதல் பெயர் உன்னுடையது.

துஆவுடன்,
ரஃபியுதீன்


கடலூர் முதுநகர்
20 பிப்ரவரி 2025

அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புத்தகம் வந்தது. தாள் வழவழப்பாக இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தை மட்டும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன்.

வாய்க்கால் பிரிசில்லா வாசலில் தொடங்குகிறது.

நான் மண்டபத்துச் சமையல்கட்டில் தொடங்கினேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். ரசம் கொதிக்கிறது என்று சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். புத்தகத்தில் மண்டபமே இல்லை. அந்த இடத்தில் வடக்கு எது என்று காட்டும் அம்பு இருக்கிறது. பிரிசில்லாவிடம் காட்டினேன். "என் வாசப்படில ஊத்தா பொங்குச்சு? சொல்லியிருந்தா தண்ணி லாரிக்கு நின்னிருக்க மாட்டேனே" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லி அழுதுவிட்டாள்.

அண்ணன், தெர்மாமீட்டரை நீங்கள் ஏற்கெனவே ஒருவருக்காக இறக்கியிருக்கிறீர்கள்.

அதைப் பற்றி நான் பேச வரவில்லை. வக்கீல் சொல்வதைக் கேளுங்கள். வாய்க்கால் மண்டபத்துக்கு அடியிலும் போகிறது என்று காட்டினால் முழு நீளத்துக்கும் சர்வே செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை ஒரு வீட்டையும் தொட மாட்டார்கள். மண்டபத்தில் கை வைக்கத் தயங்கியே எங்களையும் விட்டுவிடுவார்கள் என்கிறார். அதற்கு அன்று தரையில் எடுத்த போட்டோ வேண்டும். விசாரணை மார்ச் பத்தாம் தேதி. நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். போட்டோவை மட்டும் ஃபஹீமா போனுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் பெயர் எங்கேயும் வராது.

சிதம்பரத்துக்கு ஒரு மணி நேரப் பஸ்தான். நானே வந்துவிடுவேன். நீங்கள் வா என்று சொல்லவில்லையே என்று இருக்கிறேன்.

ஆசியா


அண்ணாமலை நகர்
12 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் வாழ்த்துகள். சர்க்கரைக்காரன் நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துஆ கேட்கிறேன்.

போட்டோவுக்கு நிரம்பவும் முயன்றேன். அது கார்த்யாயினியின் போனில் இருந்தது. அவள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள். போனும் மாற்றிவிட்டாளாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் சேமித்து வைப்பதில்லை. தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று எழுதும்போது தேதி பத்தைத் தாண்டிவிட்டது. வருத்தமாக இருக்கிறது.

படத்தின் ஓரம் பற்றி எழுதியிருந்தாய். அச்சகத்தில் பக்க அளவுக்காகக் குறைத்தது. நீ மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

மதீனாவிலிருந்து வந்த பேரீச்சம்பழம் அரைக் கிலோ பார்சலில் வருகிறது. நோன்பு திறக்கும்போது அக்கம்பக்கத்துக்கும் கொடு.

துஆவுடன்,
ரஃபியுதீன்


கடலூர், செம்மங்குப்பம் அருகில்
22 ஏப்ரல் 2025

அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணி சுகமா?

பெருநாள் முடிந்த ஒன்பதாம் நாள் இடித்தார்கள். காலையில் தொடங்கி நடுப்பகல் லுஹர் பாங்குக்குள் முடிந்துவிட்டது. பேரீச்சம்பழத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். யாரும் வாங்கவில்லை. ஜேசிபி ஓட்டி வந்தவருக்குக் கொடுத்தேன். மாடி அறையை இடிக்கும்போது ஃபஹீமா ஜாபிருக்கு வீடியோவில் காட்டினாள். அவன் அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. படத்தை நான்தானே வரைந்தேன்.

மாற்றுக் குடியிருப்புக்குப் பட்டியலில் எங்கள் தெரு அடுத்த வருஷமாம். அதுவரை இங்கே ஒற்றை அறை.

நம் தெருவுக்கு வடிகால் வந்துவிட்டது அண்ணன். என் அடுப்படி இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை. எங்கிருந்து வரும்? மண்டபத்தில் முகூர்த்த நாளில் மட்டும் ஓடுகிறது. எச்சில் இலையும் அண்டா கழுவிய தண்ணீரும்.

இடித்த மறுநாள் கார்த்யாயினி வந்தாள், பேப்பரில் பார்த்துவிட்டு. போட்டோவைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். போன் மாற்றவில்லையாம். "போட்டோ வேணும்னு இப்பதான் தெரிஞ்சுதும்மா. சார் என்கிட்ட கேக்கவே இல்லையே. அவுங்ககிட்டயும் ஒன்னு இருக்குது, செப்டம்பர்லயே பென் டிரைவ்ல வாங்கிக்கிட்டாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளையைத் தேற்ற எனக்கு வெகுநேரம் ஆனது.

உங்களிடம் இருந்ததா அண்ணன்? இருந்தது, இல்லை என்று ஒரு வார்த்தை போதும். உதாரணம் வேண்டாம்.

ஆசியா


அண்ணாமலை நகர்
6 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோடையில் எழுத முடியவில்லை. விரலில் ஒரு சின்ன ஆபரேஷன். இப்போது செருப்புப் போட முடிகிறது. நீ புது இடத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். செம்மங்குப்பம் பக்கம் காற்று கெட்ட வாடை வீசும், ஜன்னலைச் சாத்தி வை.

புதுப் பருவம் தொடங்கிவிட்டது. இந்த முறை பதினாறு பேர். 'இடம்பெயர்ந்தோர் மறுவாழ்வு' என்று ஓர் அலகு சேர்த்திருக்கிறோம், என் யோசனைதான். புத்தகத்தில் படித்தால் போதாது, அனுபவித்தவர் வாயால் கேட்க வேண்டும் என்றதும் பிள்ளைகளுக்கு உன் பெயரைத்தான் சொன்னேன். உன்னைப் போல் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் யார் இருக்கிறார்கள்?

ஒரு வினாத்தாள் இணைத்திருக்கிறேன். பழைய வீட்டின் வகை, புதிய வீட்டின் வகை, அக்கம்பக்கத்தாரோடு உறவு முன்பு, பின்பு. சரியானதற்கு டிக் போட்டால் போதும். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் விட்டிருக்கிறோம். 'உங்கள் இடப்பெயர்வை வரைபடமாகக் காட்டவும்.' உன் கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

துஆவுடன்,
ரஃபியுதீன்


செம்மங்குப்பம் அருகில்
19 ஜூலை 2025

அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கேள்விகளுக்கு டிக் போடவில்லை. கட்டத்தில் மட்டும் வரைந்திருக்கிறேன். நீலப் பேனா ஃபஹீமாவுடையது. அடியில் இருப்பது இந்த ஒற்றை அறை. அதற்கு மேலே எங்கள் தெரு, இருபத்து மூன்று வீடும் இருந்தபடியே. அதற்கு மேலே மண்டபம், சமையல்கட்டோடு.

கோடு அங்கே நிற்கவில்லை. தாளின் உச்சியில் ஒரு வீடு போட்டிருக்கிறேன். வாசலில் செம்பருத்தித் தொட்டி, உள்ளே மேஜை, மேஜை மேல் ஒரு பென் டிரைவ். அண்ணாமலை நகர் என்று எழுதியிருக்கிறேன். வாய்க்கால் அங்கிருந்துதான் வருகிறது.

வைத்தியரிடம் வலிக்கிற இடத்தை மறைக்கக் கூடாது என்று சொன்னீர்கள். மறைக்கவில்லை.

ஆசியா


அண்ணாமலை நகர்
4 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் படம் கிடைத்தது. வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். இந்த வயதிலும் கோடு நடுங்கவில்லை.

கார்த்யாயினிக்குப் பதில் இப்போது அருண்குமார் என்ற மாணவன் கணினி வேலை செய்கிறான். சூட்டிகையான பிள்ளை. நீ மேல் ஓரத்தில் போட்டிருந்தது பக்க அளவுக்குள் அடங்கவில்லை. மண்டபம் வரையாவது எடுக்கலாமா என்று கேட்டான், அதுவும் இடிக்கிறது என்று விட்டுவிட்டோம். இப்போது படம் தெருவிலிருந்து தொடங்கி உன் அறையில் முடிகிறது. பார்க்க மிகவும் நன்றாக இருக்கிறது.

வரும் சனிக்கிழமை பதினாறு பேரோடு வருகிறேன். ஒற்றை அறையில் டீக்கு நீ சிரமப்பட வேண்டாம், பிளாஸ்கில் கொண்டுவந்துவிடுவோம். பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே.

துஆவுடன்,
ரஃபியுதீன்